செருகினால் இறுவட்டாகத் தெரியும் வைஃபை அடாப்டர்: மாற்றி வாங்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். ரவுட்டர் முன் ஹோலில் இருக்கிறது. உயர்தரம் படிக்கும் மகளின் கணினி பின்னறையில். வயர் இழுக்காமல் சமாளிக்கலாம் என்று பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கினேன். பெட்டியில் ஏசி 600 என்று போட்டிருக்கிறது. செருகினால் ஏதோ இறுவட்டுப் போட்டதுபோல் கணினி காட்டுகிறதே தவிர, வைஃபை வரவில்லை. தெரிந்த பையன் ஒருவன் இணையத்தில் எடுத்த 'டிரைவர்' மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுப் பார்த்தான். அன்று முதல் கணினியைப் போட்டாலே பணம் கட்டச் சொல்லி அறிவிப்புகள் வருகின்றன. வைஃபை மட்டும் வரவேயில்லை. கடையில் கேட்டால் பொருளில் பிழையில்லை என்கிறார்கள். மாற்றி வாங்குவதா?
— ஒரு தாய், கொழும்பு 06

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம், அம்மா. "இறுவட்டுப் போட்டதுபோல் காட்டுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியே அடாப்டர் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி. பழுதான அடாப்டர் பெரும்பாலும் எதையுமே காட்டாது.

முன்பெல்லாம் இந்த அடாப்டர்களின் பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஓர் இறுவட்டு இருக்கும். டிரைவர், அதாவது அடாப்டரோடு எப்படிப் பேசுவது என்று விண்டோஸுக்குச் சொல்லிக்கொடுக்கும் மென்பொருள், அதில்தான் வரும். இப்போது விற்கும் கணினிகள் பலவற்றில் இறுவட்டுப் போடும் இடமே இல்லை. அதனால் தயாரிப்பாளர்கள் டிரைவரை அடாப்டருக்குள்ளேயே ஒரு சிறு நினைவகத்தில் வைத்துவிடுகிறார்கள். செருகியதும் அது முதலில் தன்னை இறுவட்டு என்று காட்டிக்கொள்ளும். அதற்குள் இருக்கும் டிரைவரை நிறுவிய பிறகுதான் வைஃபை அடாப்டராக மாறும். ரியல்டெக் என்ற நிறுவனத்தின் சிப் உள்ள மலிவான அடாப்டர்கள் பலவும் இப்படித்தான். உங்களுடையது அந்த முதல் படியிலேயே நிற்கிறது.

ஆனால் அந்த டிரைவரை நிறுவுவதற்கு முன் அந்தப் பையன் போட்ட மென்பொருளை அகற்றுங்கள். உதவத்தான் வந்திருக்கிறான், அவனைக் கோபிக்க வேண்டாம். தேடுபொறியில் 'வைஃபை டிரைவர்' என்று தட்டினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் இந்த 'டிரைவர் அப்டேட்டர்' வகைகள்தாம். உங்கள் கணினியில் பத்து இருபது டிரைவர்கள் பழசு என்று பயமுறுத்திப் பணம் கேட்பதே அவற்றின் வேலை. பிள்ளைகளின் கணினிகளில் இவற்றை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் வேகிறது. செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய், அந்த மென்பொருள் போட்ட நாளில் வந்தவை எவையென்று பார்த்து நீக்குங்கள். பிறகு விண்டோஸோடு வரும் டிஃபென்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருளால் முழுக் கணினியையும் ஒரு தடவை சோதியுங்கள். பணம் எதுவும் கட்ட வேண்டாம். ஏற்கெனவே வங்கி அட்டை எண்ணைக் கொடுத்திருந்தால் உடனே வங்கிக்கு அறிவியுங்கள்.

இனி அடாப்டரைச் செருகுங்கள். 'திஸ் பிசி'யைத் திறந்தால் புதிதாக ஓர் இறுவட்டுச் சின்னம் இருக்கும். அதை இரண்டு முறை சொடுக்கி, உள்ளே 'செட்டப்' என்ற பெயரில் இருப்பதை ஓடவிடுங்கள். அனுமதி கேட்டால் கொடுங்கள். முடிந்ததும் கணினியை மறுபடி தொடக்குங்கள். திரையின் வலது கீழ் மூலையில் வைஃபை சின்னம் வந்துவிட்டால் வேலை முடிந்தது. வராவிட்டால் அந்த இறுவட்டுச் சின்னத்தின் மேல் வலது பக்கம் சொடுக்கி 'எஜெக்ட்' கொடுங்கள். அடாப்டரைக் கையால் பிடுங்க வேண்டாம், சின்னத்தை மட்டும் வெளியேற்றினால் போதும். சில விநாடிகளில் இறுவட்டு மறைந்து, அடாப்டர் தன் உண்மையான பெயரோடு வரும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பல சிப்களுக்கான டிரைவர் ஏற்கெனவே இருப்பதால், இந்த ஒரு சொடுக்கிலேயே வைஃபை வந்துவிடுவதுண்டு.

அப்படியும் வராவிட்டால் டிரைவரை இணையத்திலிருந்து எடுக்க வேண்டும். இணையம் இல்லாத கணினிக்கு இணையத்தை எப்படிக் கொடுப்பது? உங்கள் ஆண்ட்ராய்ட் போன் போதும். போனை வீட்டு வைஃபையில் இணைத்து, சார்ஜ் செய்யும் வயரால் கணினியோடு தொடுத்து, போனின் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதியில் உள்ள 'யூஎஸ்பி டெதரிங்'கைப் போடுங்கள். பெரும்பாலான போன்கள் தாம் பிடித்திருக்கும் வைஃபையையே வயர் வழியாகக் கணினிக்குக் கொடுக்கும். டேட்டா பேக்கேஜ் கரையாது. டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தால் வயரை மாற்றிப் பாருங்கள். சில மலிவு வயர்களில் மின்சாரம் மட்டுமே போகும்.

இணையம் வந்ததும் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, விண்டோஸ் 11 என்றால் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள்ளே, 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்ற பகுதியில் டிரைவர் காத்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10இல் அந்தப் பக்கத்திலேயே 'வியூ ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்று இருக்கும். அங்கு கிடைப்பதே பாதுகாப்பானது.

அங்கும் இல்லையென்றால், அடாப்டருக்குள் இருக்கும் சிப் எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும். பெட்டியில் உள்ள பெயரை நம்ப முடியாது. ஒரே பெயரில், ஒரே பெட்டியில் வரும் அடாப்டரின் முதல் பதிப்பில் ஒரு சிப்பும் அடுத்த பதிப்பில் வேறு சிப்பும் இருப்பது இந்தத் தொழிலில் வழக்கம். ஸ்டார்ட் பொத்தானை வலது பக்கம் சொடுக்கி 'டிவைஸ் மேனேஜரை'த் திறவுங்கள். மஞ்சள் முக்கோணத்தோடு நிற்பதுதான் உங்கள் அடாப்டர். அதன் 'புராப்பர்ட்டீஸ்' சென்று, 'டீட்டெய்ல்ஸ்' தாளில் உள்ள பட்டியலிலிருந்து 'ஹார்ட்வேர் ஐடிஸ்' என்பதைத் தெரிவு செய்தால் நீளமாக ஒரு வரி வரும். அதில் விஐடி என்ற மூன்று எழுத்துகளுக்குப் பின் வரும் நான்கு குறிகள் சிப் யாருடையது என்று சொல்லும். 0, பி, டி, ஏ என்று இருந்தால் ரியல்டெக். 0, இ, 8, டி என்றால் மீடியாடெக். சில நிறுவனங்கள் அந்த இடத்தில் தங்கள் சொந்த எண்ணைப் போடுவதும் உண்டு. அந்த வரியை அப்படியே பிரதி செய்து தேடினால் சரியான சிப்பின் பெயர் கிடைக்கும். டிரைவரை அடாப்டர் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்; பெட்டியிலோ அடாப்டரின் முதுகிலோ உள்ள பதிப்பு எண்ணையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

இடையில் ஒன்று. கணினி பழசு என்றால் திரையின் மூலையில் திகதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் நின்று வந்தால் திகதி பல வருடம் பின்னால் போய்விடுகிறது என்றால், மதர்போர்டில், அதாவது கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகையில், உள்ள காசு போன்ற சிறு பேட்டரி தீர்ந்திருக்கிறது. திகதி பிழையாக இருந்தால் வைஃபை இணைந்தாலும் பாதுகாப்பான தளங்கள் திறக்காது. பாவம், அடாப்டர்மேல் பழி விழும். இலக்கம் 2032 பேட்டரி எந்தக் கணினிக் கடையிலும் மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும்.

டிரைவர் வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அடுத்த ஒரு வருடத்துக்கு மகள் பாடங்களைத் தடங்கலில்லாமல் பார்ப்பாளா என்பதைத் தீர்மானிப்பது அடாப்டர் இருக்கும் இடம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இதை நான் மறுபடி மறுபடி காண்கிறேன். கணினிப் பெட்டி மேசைக்குக் கீழே, சுவரோடு ஒட்டி நிற்கும். அதன் பின்புறத்தில், விரல் நகமளவு அடாப்டர், முன்னால் இரும்புப் பெட்டி, பின்னால் கொங்கிறீட் சுவர் என்று நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். போதாததற்குப் பக்கத்தில் ஓர் இரும்பு அலுமாரி. ரவுட்டரிலிருந்து வரும் அலை இதையெல்லாம் தாண்டி எப்படி வந்து சேரும்?

ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்குங்கள். அடாப்டரை அதன் நுனியில் செருகி மேசைக்கு மேலே, அறைக் கதவு தெரியும் பக்கமாக வையுங்கள். செலவு சிறிது, ஆனால் நான் பார்த்த வீடுகளில் அடாப்டரை விலை கூடியதாக மாற்றியதைவிட இந்த வயர்தான் அதிகம் உதவியிருக்கிறது. பெட்டியின் பின்புறத்துத் துளையைப் பயன்படுத்துங்கள், அது நேரே மதர்போர்டில் இருப்பது. முன்புறத் துளைகளை, அதுவும் கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில், டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். உள்ளே தகடுகளில் பச்சையாகவோ பழுப்பாகவோ படிந்திருந்தால் உப்புக்காற்று அரித்திருக்கிறது. அங்கே செருகினால் அடாப்டர் வந்து வந்து போகும். நீல நிற யூஎஸ்பி 3 துளைகளில் வேறொரு சிக்கல் உண்டு. அவற்றின் வேகமான தரவோட்டம், வைஃபை பயன்படுத்தும் இரண்டு அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹேர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்புகிறது. இன்டெல் நிறுவனம் 2012இலேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. பக்கத்துத் துளையில் வெளி ஹார்ட் டிஸ்க் ஓடும்போது வைஃபை விழுவதற்கு இதுவே காரணம். உங்கள் அடாப்டருக்குக் கறுப்புத் துளை போதும். யூஎஸ்பி 2இன் உச்ச வேகமான விநாடிக்கு 480 மெகாபிட், ஏசி 600 அடாப்டருக்கு இடையூறில்லை.

அந்த 600 என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். விநாடிக்கு 2.4 கிகாஹேர்ட்ஸில் 150 மெகாபிட், மற்ற அலைவரிசையான ஐந்து கிகாஹேர்ட்ஸில் 433, இரண்டையும் கூட்டி முழுமையாக்கி 600 என்று போடுகிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது. ஆகவே எதில் இணைகிறீர்கள் என்பது பெரிய விஷயம். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சனல்கள், அதாவது அலைவரிசைக்குள் ரவுட்டர் பிடிக்கும் பாதைகள், 1, 6, 11 என்ற மூன்றே. உங்கள் மாடியிலும் மேல் கீழ் மாடிகளிலும் எத்தனை ரவுட்டர்கள் இருக்குமென்று எண்ணிப் பாருங்கள், அத்தனையும் அந்த மூன்றுக்குள் நெருக்குகின்றன. ஐந்தில் இடம் தாராளம், ஆனால் சுவரைத் துளைக்கும் வலு குறைவு. உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று கண்டறிய, ரவுட்டரில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்து, மகளின் கதிரையிலேயே உட்கார்ந்து போனில் இரண்டையும் சோதியுங்கள். ஐந்து நன்றாக வந்தால் கணினியையும் அதிலேயே நிலைநிறுத்துங்கள். போனுக்குத் தெரியும் பெயர் அடாப்டருக்கு மட்டும் தெரியாவிட்டால், ரவுட்டரின் சனலை ஐந்தில் 36 முதல் 48க்குள்ளும் 2.4இல் அந்த மூன்றில் ஒன்றாகவும் மாற்றுங்கள். பெயர் தெரிந்தும், கடவுச்சொல் சரியாக இருந்தும் ஏற்கவில்லை என்றால், ரவுட்டரின் பாதுகாப்பு டபிள்யூபிஏ 3 என்று மட்டும் இருக்கிறதா பாருங்கள். டபிள்யூபிஏ 2உம் 3உம் கலந்த தெரிவுக்கு மாற்றினால் பழைய டிரைவர்களும் இணையும்.

வகுப்பு நடுவில் இணைப்பு அறுகிறதென்றால், டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் 'பவர் மேனேஜ்மென்ட்' தாளுக்குப் போய், மின்சாரம் மிச்சம்பிடிக்க இதை நிறுத்தலாம் என்று விண்டோஸுக்குக் கொடுத்திருக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள். மேசைக் கணினிக்கு அந்தச் சிக்கனத்தால் பயனில்லை.

மகளின் கதிரையில் போனுக்கே இரண்டு அலைவரிசையும் சரியாக வராவிட்டால், எந்த யூஎஸ்பி அடாப்டரும் அங்கே அற்புதம் செய்யாது. அப்போது ரவுட்டரிலிருந்து கணினிக்குச் சுவரோரமாக ஒரு லேன் வயரை ஓட்டுவதே நல்லது. 100 மீட்டர் வரை அது வேகம் குறையாமல் கொண்டுபோகும், பரீட்சைக் காலத்தில் அதை நம்பியிருக்கலாம்.

எல்லாம் செய்தும் வைஃபை வரவில்லையானால், அடாப்டரை இன்னொரு வீட்டுக் கணினியில் செருகிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் குறை உங்கள் கணினியில். அங்கேயும் அந்த 'எஜெக்ட்'டுக்குப் பிறகு ஒன்றும் வராவிட்டாலோ, சிறிது நேரத்தில் தொட முடியாதபடி சுட்டாலோ, பற்றுச்சீட்டையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்த் தயங்காமல் மாற்றிக் கேளுங்கள். அதுவரை பெட்டியை எறிந்துவிட வேண்டாம்.