புறப்படும் முன் காற்றைக் கணிப்பது: கேள்வி பதில்

கேள்வி: பக்கக்காற்று எவ்வளவு என்று விமானி எப்படிக் கணக்குப் போடுகிறார் சார்?

பதில்: மனக்கணக்குதான். ஓடுபாதை 27 என்றால் திசை 270 டிகிரி. காற்று 300-லிருந்து 20 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) என்று டவர், அதாவது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம், சொன்னால் வித்தியாசம் 30 டிகிரி. 30 டிகிரிக்குக் காற்றின் வேகத்தில் பாதி, அதாவது 10 நாட் பக்கக்காற்று. 45 டிகிரிக்குப் பத்தில் ஏழு பங்கு. 60-ஐத் தாண்டினால் மொத்தக் காற்றையும் பக்கக்காற்றாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எண்ணோடு நின்றுவிடாதீர்கள், ஓடுபாதையில் திரும்பியதும் காற்றின் போக்கைக் காட்டும் துணிக்குழாயான காற்றுப்பையை ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: மெட்டார் எனும் விமான நிலைய வானிலை அறிக்கையின் காற்றுத் திசையும் டவர் சொல்வதும் ஏன் ஒத்துப்போவதில்லை?

பதில்: மெட்டார் மெய் வடக்கை (வரைபட வடக்கை) வைத்து, டவர் காந்த வடக்கை (திசைகாட்டி காட்டும் வடக்கை) வைத்து. ஓடுபாதை எண்ணும் பொதுவாகக் காந்த வடக்குதான்.

கேள்வி: பின்காற்று தள்ளிவிட்டால் சீக்கிரம் எழும்பலாமே?

பதில்: கூடவே கூடாத நினைப்பு இது. இறக்கைக்குத் தேவை தரைவேகம் அல்ல, அதன்மேல் பாயும் காற்றின் வேகம். எழும்பும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு பின்காற்று இருந்தால், ஓடும் தூரம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடும்.

கேள்வி: லேசான பின்காற்று என்றால்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். உங்கள் விமானக் கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: காற்றின் சராசரி 12 நாட், வீச்சு, அதாவது திடீரென எகிறும் வேகம், 22. வீச்சு சில நொடிதான். சராசரியை வைத்து முடிவெடுத்தால் போதாதா?

பதில்: போதாது. விமானம் கைவிட்டுப் போகவும் சில நொடிதான் ஆகும். 2008 டிசம்பரில் டென்வரில் கான்டினென்டல் 1404, போயிங் 737, புறப்படும் ஓட்டத்திலேயே ஓடுபாதையை விட்டு விலகித் தீப்பிடித்தது. டவர் சொன்னது 27 நாட். விமானத்தின் மேல் அடித்த உச்ச வீச்சு 45 நாட் என்று விசாரணையில் தெரிந்தது. உயிரிழப்பு இல்லை.

கேள்வி: அது விமானியின் தவறு என்றுதானே அறிக்கை? வலது ரடரை (வாலில் உள்ள சுக்கானை) விட்டுவிட்டாரே. காற்றைக் குறை சொல்லலாமா?

பதில்: ரடரை விட்டது உண்மை, அறிக்கையும் அதைத்தான் முதலில் சொல்கிறது. ஆனால் அவர் பயிற்சியிலோ அனுபவத்திலோ சந்திக்காத காற்று அது என்றும் அதே வாக்கியம் சொல்கிறது. பாதியை மட்டும் படிக்காதீர்கள். காற்றை அளக்கும் கருவி ஓரிடத்தில், விமானம் வேறிடத்தில். அதனால்தான் காற்றுப்பையைப் பாருங்கள் என்கிறேன்.

கேள்வி: அப்படியானால் சராசரி எதற்கு?

பதில்: எதிர்க்காற்றின் பலனைக் கணக்கிட. பக்கக்காற்றுக்கு வீச்சையே எடுங்கள். இதற்கு மேல் இதில் வாதம் வேண்டாம்.

கேள்வி: இடிமேகம் சற்றுத் தள்ளி நிற்கிறது, ஓடுபாதையில் காற்று சீராக இருக்கிறது. கிளம்பலாமா?

பதில்: காத்திருங்கள். மேகத்திலிருந்து கொட்டும் காற்று தரையில் மோதி எல்லாப் பக்கமும் சிதறும். அதற்குள் நுழையும்போது எதிர்க்காற்று கூடி வேகம் ஏறுவதுபோல் காட்டும், மறுபக்கம் பின்காற்றாக மாறி வேகத்தைப் பறிக்கும். 1982-இல் நியூ ஆர்லியன்ஸ் அருகே பான் ஆம் 759 எழும்பிய கையோடு விழுந்தது இதனால்தான்.