அட்ரோபின் போட்ட எலி: அலை தூங்குகிறது, எலி நடக்கிறது

பாலக்காட்டுச் சித்தூர் நண்பருக்கு,

அட்ரோபின் என்ற மருந்தை ஊசியில் போட்டதும் எலியின் ஈஈஜியில், அதாவது மூளை மின்னலைப் பதிவில், தூக்கத்தில் வருவது மாதிரி பெரிய மெதுவான அலைகள், ஆனால் எலியோ மரத்தூளை முகர்ந்துகொண்டு கூண்டைச் சுற்றுகிறது, கருவி கெட்டுப்போச்சா என்று கேட்டிருந்தீர்கள். கருவியைக் கழற்றவே கழற்றாதீர்கள். மருந்தியல் ஆய்வாளர் ஆபிரகாம் விக்லர் 1952லேயே நாய்களில் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

1949ல் நரம்பியல் ஆய்வாளர்கள் மொருஸ்ஸியும் மகூனும் பூனையின் மூளைத்தண்டைத் தூண்டி மெதுவலையைக் கலைத்துக் காட்டியதிலிருந்து வேக அலை என்றால் விழிப்பு என்று நம் மனதில் பதிந்துவிட்டது. மூளையின் மேலடுக்கான புறணியில் அந்த வேக அலைக்கு அசிடைல்கோலின் என்ற நரம்புச் செய்திப்பொருள் முக்கியம், அதை அட்ரோபின் மறித்துவிடுகிறது, ஆனால் எலியை விழிக்கவைக்கும் வேறு பாதைகள் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். டயஸெபாம் என்ற தூக்கம் தரும் அமைதி மருந்தைக் கொடுத்துப் பாருங்கள், நேர் எதிராக, எலி சொக்கும்போதே பீட்டா என்ற வேக அலை கூடும்.

அதனால் ஈஈஜியை மட்டும் வைத்து விழிப்பை அளக்காதீர்கள். கழுத்துத் தசையில் ஒரு மின்முனை, கூடவே வீடியோ, இரண்டும் கட்டாயம் வேண்டும். மெத்தில் அட்ரோபின் ஒரு குழுவுக்குக் கொடுங்கள், அது மூளைக்குள் பெரிதாகப் போகாது, அப்போது விளைவு மூளையிலிருந்துதானா என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் கிளிக் ஒலி கொடுத்து, அதற்கு மூளை எழுப்பும் தூண்டல் அலையும் எடுக்கப்போவதாகச் சொன்னீர்களே, உடல் வெப்பத்தைக் கட்டாயம் குறித்துவையுங்கள், மருந்தால் எலி குளிர்ந்தாலே அந்த அலையின் முகடுகள் தாமதமாகும். மீன மாதத்தில் (நம் பங்குனி) வேலா கோயில் திருவிழாவின் வெடிக்கட்டு, அதாவது வாணவேடிக்கை, நடக்கும் நாட்களில் பதிவே வேண்டாம், பாவம், எலிக்கு அதுவே பெரிய தூண்டல்.