அது வேறு விஷயம்தானா?

கேள்வி: மதுரை அரசரடியில் இருக்கிறேன். வயது 41. மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவள். தினமும் காலை நாலரைக்கு எழுந்து ஜெபிக்கிறேன். ஓராண்டு வேத வாசிப்பு அட்டவணையை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாசம். பெண்கள் கூட்டத்துக்கும் தவறாமல் போகிறேன். ஆனால் அங்கே மற்றவர்கள் "ஆண்டவர் இன்றைக்கு என்னோடு பேசினார்" என்று சாட்சி சொல்லும்போது எனக்கு என்னவோ போல் ஆகிவிடுகிறது. என்னோடு அவர் அப்படிப் பேசியதே இல்லை. பாதி ஜெபத்தில் தூங்கியும் விடுகிறேன். இரண்டு வருடமாகத்தான் இவ்வளவு வறட்சி. (அம்மா இறந்த பிறகு வீட்டுப் பிரச்சினையில் அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லை. அது வேறு விஷயம்.) ஆண்டவரோடு நெருக்கமான உறவு வர நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?
— பெயர் வேண்டாம், மதுரை

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்டு மூடிய வரிதான். அம்மா போய்விட்டார், அக்கா பேசுவதில்லை, வறட்சி தொடங்கி இரண்டு வருடம். மூன்றையும் நீங்களே எழுதிவிட்டு, அது வேறு விஷயம் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒன்று கேட்கிறேன். இந்த இரண்டு வருடத்தில் அக்காவைப் பற்றி ஆண்டவரிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள்? "அக்கா குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று ஜெபக்குறிப்பில் ஒரு வரி இருக்கும். அதைக் கேட்கவில்லை. அம்மாவின் வீட்டைப் பற்றிப் பேச்சு வந்த அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தீர்களே, அப்போது மனதுக்குள் ஓடியதைச் சொன்னீர்களா? பெரும்பாலும் நாம் சொல்வதில்லை. ஜெபம் என்றதும் குரல் மாறிவிடுகிறது. "பரலோகப் பிதாவே, இந்தக் காலை வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்து, ஊழியக்காரர்கள், திருச்சபை, தேசத் தலைவர்கள், நோயாளிகள் என்று வரிசையாகப் போய் ஆமென் சொல்லி எழுந்துவிடுகிறோம். சம்பந்தி வீட்டுக்குப் போன் பேசுகிற மாதிரி, எல்லாரும் சௌக்கியம் என்று முடிகிறது. பேசியாயிற்று, ஆனால் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. அப்படியிருக்கத் தூக்கம் வராமல் என்ன செய்யும்?

வேதத்தில் அன்னாளின் கதை உங்களுக்குத் தெரியும், 1 சாமுவேல் முதல் அதிகாரம். அதை அட்டவணைக்காகப் படிக்காமல் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அதுவும் குடும்பச் சண்டைதான். அன்னாளுக்குப் பிள்ளை இல்லை என்று சக்களத்தி பெனின்னாள் வருடா வருடம் குத்திக் காட்டுகிறாள். கணவன் எல்க்கானா நல்லவன், பாவம், ஆனால் "பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா" என்று கேட்கிற ரகம். அன்னாள் சீலோவில் ஆண்டவர் சந்நிதியில் போய் அழுகிறாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வெளியே வரவில்லை. அதைப் பார்த்த ஆசாரியன் ஏலி, இவள் குடித்திருக்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டார். பார்க்க அந்த லட்சணத்தில் இருந்த ஜெபம் அது! பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று செய்யக்கூடிய ஜெபம் இல்லை.

அந்தக் கதையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் அதற்கு அடுத்தது. அன்னாள் எழுந்து போய்ச் சாப்பிடுகிறாள், அதற்குப் பிறகு அவள் முகத்தில் துக்கம் இல்லை. குழந்தை இன்னும் வரவில்லை. பெனின்னாள் வாயும் மூடியிருக்காது. ஏலி வாழ்த்தி அனுப்பியது மட்டும்தான் கையில் இருந்தது. உள்ளே கிடந்ததை ஒளிக்காமல் கொட்டியாயிற்று, அவ்வளவுதான். நீங்கள் கேட்கிற நெருக்கம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

அப்படிப் பேசினால் மரியாதைக் குறைவு ஆகாதா என்று நினைப்பீர்கள். யோபு தன் கஷ்டத்தில் கடவுளிடமே நியாயம் கேட்டுப் பேசிய பேச்சைப் பாருங்கள். அவருடைய சிநேகிதர்கள்தான் கடைசிவரை கடவுளுக்காக வாதாடியவர்கள். ஆனால் முடிவில் கடவுள் கோபப்பட்டது அந்தச் சிநேகிதர்கள் மேல். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று எடுத்த எடுப்பிலேயே முறையிடுகிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரியில்கூட வெளிச்சத்துக்கு வருவதில்லை. இவற்றை யாரும் வேதத்திலிருந்து எடுத்துப் போட்டுவிடவில்லை.

இனி, அவர் பேசுவது கேட்கவில்லை என்கிறீர்கள். அதற்கும் அதே புத்தகத்திலேயே இரண்டு அதிகாரம் தள்ளிப் போனால் போதும். அன்னாளின் பிள்ளை சாமுவேல் ஆலயத்திலேயே வளர்கிறவன். கடவுள் பெயர் சொல்லிக் கூப்பிட்டும், கிழவர் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று மூன்று தடவை எழுந்து ஓடுகிறான். கூப்பிட்டது யார் என்று ஏலி சொல்லித்தான் அவனுக்குத் தெரிகிறது. தினமும் ஏதோ ஒரு குரல் காதில் விழுந்தாக வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருந்தால், அதை நம்ப வேண்டாம். சாட்சி சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு வசனம் மனதில் தைத்ததையும், ஒரு நல்ல யோசனை வந்ததையும் "பேசினார்" என்று சொல்வது நம் சபைகளில் வழக்கமாகிவிட்டது. நீங்கள் அப்படிச் சொல்லிப் பழகவில்லை, அவ்வளவே.

அப்புறம் இந்த அட்டவணை. வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் நாளுக்கு மூன்று, நான்கு அதிகாரம். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், டிக் அடிப்பதில் உங்களுக்கு ஒரு திருப்தி இருக்கும், புரிகிறது. இரண்டு முறை முடித்தாயிற்று, நல்லது. மூன்றாவதை இப்போதைக்கு மூடி வையுங்கள். அன்னாளின் கதையையோ 13-ஆம் சங்கீதத்தையோ ஒரு வாரம் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். படித்ததும் வீட்டில் பேசுகிற தமிழிலேயே அவரிடம் பேசுங்கள். "எனக்கு அக்கா மேல் ஆத்திரமாக இருக்கிறது, அம்மா ஞாபகம் வந்தால் தொண்டை அடைக்கிறது" என்று சொன்னால் போதும். ஸ்தோத்திரம் வரவில்லையென்றால் அன்றைக்கு வேண்டாம்.

நேரத்தையும் மாற்றலாம். ராத்திரி கடை சாத்தி, பஸ் பிடித்து, சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கிற ஒருவர் நாலரைக்கு எழுந்தால் தூங்கத்தான் செய்வார், அதில் பாவம் ஒன்றுமில்லை. சூரைச்செடியின் கீழே படுத்துச் சாக வேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது தூக்கமும் சுட்ட அடையும்தான். ஆண்டவரின் மெல்லிய சத்தம் வந்தது அதற்கெல்லாம் பிறகு. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் கால் மணி நேரம் கிடைக்கிறதா பாருங்கள். என்றாவது கீழவெளி வீதிப் பக்கம் போகிற வேலை இருந்தால், தூய மரியன்னை பேராலயம் திறந்திருக்கும்போது பின்வரிசையில் போய் உட்காரலாம். அது கத்தோலிக்கக் கோயில்; நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் என்ன, அங்கே யாரும் ஞானஸ்நானச் சீட்டு கேட்கப் போவதில்லை.

சாமுவேலுக்கு ஒரு ஏலி இருந்த மாதிரி, உங்கள் சபையிலும் ஒரு மூத்த அம்மா இருப்பார்கள். அதிகம் சாட்சி சொல்லாதவராகப் பார்த்து, மாதம் ஒருமுறை போய் உட்கார்ந்து பேசுங்கள். ஏலி முதலில் அன்னாளைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்தான், அதனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டே போங்கள்.

அக்காவுக்கு உடனே போன் செய்யச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது உண்மை, மத்தேயு 5-இல் இருக்கிறது. ஆனால் கோபத்தை வாயால் சொல்லக்கூட இல்லாத நிலையில் நீங்கள் போன் செய்தால் இரண்டாவது நிமிடத்தில் பழைய சண்டை வந்துவிடும். முதலில் ஆண்டவரிடம் சொல்லித் தீருங்கள். பேச வேண்டிய நாள் உங்களுக்கே தெரியும்.

வீட்டு விஷயத்தைத் தனியாகவே பாருங்கள். உயில் எழுதாமல் அம்மா இறந்திருந்தால், கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துகிற 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் பங்கில் வித்தியாசம் கிடையாது, பிள்ளைகள் எல்லாருக்கும் சமம். பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள். உபவாசம் இருந்தெல்லாம் பட்டா மாறாது.