ராஜராஜன் பால்குடிப் பிள்ளையாகத் தாயை இழந்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ராஜராஜ சோழன் பால்குடிக்கும் வயதில் தாய் வானவன் மாதேவி தீப்பாய்ந்துவிட்டார், அக்கா குந்தவைதான் எடுத்து வளர்த்தார் என்று பல இடங்களில் படித்தேன். அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையானபோது மக்களே அழைத்தும் அரியணை வேண்டாம் என்று சொன்னான் என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்? பிறந்த ஆண்டு 947 என்பது சரியா?

வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் பொருந்தாது. ஆதித்தன் கொலை 970-ஐ ஒட்டி நடந்தது. அவர்களின் தந்தை சுந்தர சோழன் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தது 973 வாக்கில். தாய் எரிபுகுந்தது அவனோடுதான். அப்போதுதான் ராஜராஜன் கைக்குழந்தை என்றால், அண்ணன் இறந்த சமயத்தில் அவன் பிறந்தேயிருக்க மாட்டான். பிறகு மக்கள் யாரை அழைத்தார்கள்?

தாயைப் பற்றிய செய்தி திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. சங்கப் புலவர் கபிலர் தீப்புகுந்ததைச் சொல்லும் அதே கல்வெட்டுத்தான். வானவன் மாதேவி திருக்கோவலூரை ஆண்ட மலையமான் குலத்துப் பெண் என்பதால் அந்த ஊர்க் கல் அவளைப் புகழ்கிறது: ‘முலைமகப் பிரிந்து முழங்கெரி நடுவணும் தலைமகற் பிரியாத் தையல்’. பால்குடி மகவை விட்டுவிட்டுக் கணவனோடு எரிபுகுந்தவள். அவள் ராஜராஜனைப் பெற்றவள் என்பதும் அதே பாட்டில் வருகிறது. ஆனால் அந்த முலைமகவு ராஜராஜன்தான் என்று இந்த அடி சொல்லவில்லை. இரண்டையும் ஒட்டவைத்தது பின்னால் வந்தவர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 973-ல் ஒரு வயது என்றால் 985-ல் முடிசூடும்போது வயது 13. ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்த’ என்ற பட்டம் 4-ஆம் ஆட்சியாண்டிலேயே வந்துவிடுகிறது. அதாவது 16 வயதில் சேர நாட்டுப் போர். மேலைச் சாளுக்கியரின் ஹொட்டூர்க் கல்வெட்டு 1007-ல் பெரும்படையோடு வந்த ராஜேந்திரனைப் பேசுகிறது. படை நடத்தும் மகனுக்கு அப்போது 20 வயதாவது வேண்டாமா? அப்படியானால் தகப்பனுக்கு 15 வயதிலேயே பிள்ளை பிறந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே இழுத்துப்பிடித்து நியாயப்படுத்திவிடலாம். மூன்றும் சேர்ந்தால் தாங்காது. அந்த மகவு கடைக்குட்டியாக இருக்கலாம், அல்லது புலவரின் அணியாக இருக்கலாம். ராஜராஜன் அப்போது வளர்ந்த பிள்ளை என்றே நான் கொள்கிறேன்.

அரியணையை மறுத்த கதை திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதியில் வருகிறது. சிற்றப்பன் உத்தம சோழனுக்கு நாட்டின்மேல் ஆசை இருந்ததால் அருள்மொழி (ராஜராஜனின் இயற்பெயர்) மனத்தாலும் அரசை விரும்பவில்லை. உடற்குறிகளைக் கண்டு, இவன் திருமாலே என்று அறிந்து உத்தமன் அவனுக்கு இளவரசுப் பட்டம் கட்டினான் என்கிறது செப்பேடு. அதை வெளியிட்டவன் ராஜேந்திரன். தந்தை இறந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு. மகனின் அவைப்புலவர் வேறு எப்படி எழுதுவார்? உத்தமன் ஆண்டான், அவனுக்குப் பின் ராஜராஜன் வந்தான் என்பது வரை உறுதி. மனத்துக்குள் என்ன நினைத்தான் என்பதெல்லாம் பிரசஸ்தி, அதாவது அரசனைப் புகழும் பாட்டு.

947-க்குக் கல்வெட்டு ஆதாரம் கிடையாது. கிடைப்பது சதய நட்சத்திரம் மட்டுமே. சதயம் 27 நாளுக்கு ஒருமுறை வரும். மாதத்தையும் ஐப்பசி என்று சேர்த்துக்கொண்டாலும் அது வருடந்தோறும் வருவது. அதை வைத்து ஆண்டைப் பிடிக்க முடியாது. இணையத்தில் சுற்றும் பிறந்த தேதிகளெல்லாம் ஏதோ ஒரு ஆண்டை முதலில் வைத்துக்கொண்டு பிறகு பஞ்சாங்கத்தைப் புரட்டியவை. காவிரியில் விழுந்து பிழைத்த கதையோ ‘பொன்னியின் செல்வன்’ நாவல் தந்தது.

குந்தவை ‘வளர்த்தாள்’ என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலில் கொடைகளைக் கல்லில் வெட்டச் சொல்லும் ஆணையில் வரிசையைக் கவனியுங்கள்: ‘நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’. தனக்கு அடுத்து அக்கா. அரசிகள் அவளுக்குப் பிறகுதான். தாய்தந்தையருக்கு அந்தக் கோயிலில் படிமம் எடுத்தவளும் அவளே. தன் மகள் ஒருத்திக்கு ராஜராஜன் வைத்த பெயரும் குந்தவை.