மூச்சை எண்ணுங்கள்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

மார்ஃபின், கோடீன், டிரமடால், டேப்பென்டடால், ஃபென்டானில், மெத்தடோன், புப்ரினார்ஃபின், ஹெராயின். இவற்றில் சில மருந்துச் சீட்டில் வருபவை, சில தெருவில் கைமாறுபவை. எல்லாம் ஓபியாய்டு என்ற ஒரே குடும்பம். அளவு மீறினால் முதலில் கைவைப்பதும் ஒரே இடத்தில்தான்: மூச்சில். இந்த மருந்துகள் பற்றி வந்த கடிதங்களில் ஏழு இங்கே.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய். வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுக்கிறோம். சில இரவுகளில் வழக்கத்தைவிடப் பெரிதாகக் குறட்டை விடுகிறார். நல்ல தூக்கம் என்று விட்டுவிடலாமா? எழுப்பினால் வலி வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

எழுப்பிப் பாருங்கள். தூங்குகிறவர் என்றால் கண்ணைத் திறந்து, "என்னம்மா?" என்று எரிச்சல்படுவார். அவ்வளவுதான் நஷ்டம்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளை அசைத்தால் பதில் சொல்லிவிட்டு மறுபடி கண் அயர்கிறாரா? அப்படியானால் உட்கார்ந்து மூச்சை எண்ணுங்கள். விலா எலும்புகளுக்குக் கீழே, மேல்வயிற்றில் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்குவழி இங்கே ஏமாற்றிவிடும். மார்ஃபின் அதிகமானவர்கள் நாலைந்து மூச்சு ஒழுங்காக விட்டுவிட்டு, அப்புறம் வெகுநேரம் நிறுத்திவைப்பார்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 10-க்குக் கீழே போனால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவரை அழையுங்கள். 8-க்குக் கீழே என்றாலோ, உலுக்கியும் எழவில்லை என்றாலோ அது அவசரநிலை. எழாதவரிடம் ஒரு நிமிடம் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். அடுத்த பதிலில் உள்ளதை உடனே தொடங்குங்கள்.

குறட்டையை ஏன் சந்தேகப்பட வேண்டும்? தொண்டைத் தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் சரியும்போது, பாதி அடைபட்ட வழியில் காற்று நுழைகிற சத்தம் அது. நீருக்குள் ஊதினாற்போல் களகளவென்று கேட்டால் இன்னும் மோசம். அந்தச் சத்தம் திடீரென்று நின்றால் "இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார்" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மூச்சே நின்றிருக்கலாம்.

நோயாளி திணறமாட்டார், கையைக் காலை உதறமாட்டார் என்பதுதான் இதில் உள்ள கண்ணி. மூச்சைக் கொஞ்ச நேரம் அடக்கிப் பாருங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் முடியாமல் தவிப்பீர்களே, ரத்தத்தில் ஏறும் கரியமில வாயுவை மூளைத்தண்டு உணர்ந்து கிளப்பும் தவிப்பு அது. ஓபியாய்டு அந்தத் தவிப்பையே மழுங்கடித்துவிடுகிறது. அதனால் எல்லாம் அமைதியாக நடந்து முடிந்துவிடும்.

உதட்டின் உட்புறம், ஈறு, நகக்கண் ஆகிய இடங்களின் நிறத்தையும் பாருங்கள். வெளுத்த தோலில் நீலம் தெரியும். கறுத்த தோலில் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். கண்ணின் பாவை ஊசிமுனையாய்ச் சுருங்குவதும் ஓர் அடையாளம்தான். ஆனால் தினமும் மார்ஃபின் எடுப்பவருக்கு அது எப்போதுமே சுருங்கித்தான் இருக்கும். அதைமட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள்.

மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய முதல் இரண்டு மூன்று நாள் அசதி இயல்பு. அதற்குப் பிறகு புதிதாக மயக்கம் கூடினால் காரணம் தேட வேண்டும். சிறுநீரகம் மந்தமானால் மார்ஃபினின் கழிவு உடலிலேயே தேங்கிப் போதையைக் கூட்டும். யாராவது தூக்க மாத்திரையோ, நரம்பு வலிக்கு பிரிகாபலினோ புதிதாகச் சேர்த்திருக்கலாம். விழுங்கச் சிரமம் என்று 12 மணி நேரத்துக்கான மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதும் நடக்கிறது. அப்படிச் செய்தால் 12 மணி நேரம் சிறுகச் சிறுக இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.

இதைப் படித்துவிட்டு மார்ஃபினை நிறுத்திவிடாதீர்கள். சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அது நல்ல மருந்து. கூப்பிட்டால் எழுகிறவருக்கு நீங்களாக மார்ஃபினை முறிக்கும் மருந்தை (அடுத்த பதிலில் வரும் நலோக்சோன்) கொடுத்துவிடவும் கூடாது. அடக்கிவைத்த வலி முழுவதும் ஒரே நொடியில் திரும்பிவரும். நோய் முற்றிய கடைசி நாட்களில் மூச்சு தானாகவே தாறுமாறாகும். அப்போது என்ன செய்வது என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தம்பி ஹெராயின் பழக்கத்தில் இருக்கிறான். கதவைத் திறக்கும்போது மயங்கிக் கிடந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? வரிசையாகச் சொல்லுங்கள்.

பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுங்கள், தோளை உலுக்குங்கள். அசைவில்லை என்றால் கையை முஷ்டியாக மடக்கி, விரல்முட்டிகளால் நெஞ்செலும்பின் நடுவில் அழுத்தித் தேயுங்கள். நன்றாக வலிக்கும். அதற்கும் முனகலில்லை என்றால் தூக்கம் இல்லை. கன்னத்தில் அறைந்துகொண்டே இருப்பதால் பயனில்லை. இதற்கெல்லாம் சேர்த்து 10 விநாடி போதும்.

அவசர உதவி எண்ணை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள். "ஆள் மயக்கம், மூச்சு சரியாக இல்லை" என்று முதலில் சொல்லுங்கள். என்ன எடுத்தான் என்பதை மறைக்க வேண்டாம். பக்கத்தில் ஊசி கிடந்தால் தள்ளி வையுங்கள். மூடி போடப் போய் உங்கள் விரலில் குத்திக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் நலோக்சோன் இருந்தால் இப்போது கொடுங்கள். ஓபியாய்டு ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் போய் உட்காரும் மருந்து இது. மூக்கில் அடிக்கும் வகை என்றால், விரல்கள் மூக்கின் அடியைத் தொடும்வரை முனையை உள்ளே விட்டுக் கட்டைவிரலால் ஒரே அழுத்து. வேலை செய்கிறதா என்று காற்றில் அடித்துப் பார்ப்பது பலர் செய்யும் தவறு. பெரும்பாலான கருவிகளில் இருப்பதே ஒரு தடவைக்கான மருந்துதான். ஊசி வகை என்றால் 0.4 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில். துணிக்கு மேலேயே போடலாம்.

மருந்து ஏற 2 முதல் 5 நிமிடம் ஆகலாம். மூளையோ காற்றில்லாமல் 4, 5 நிமிடத்திலேயே சேதப்படத் தொடங்கும். ஆகவே இடைப்பட்ட நேரத்தில் மூச்சைக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். மருந்தே இல்லாத வீட்டிலும் உயிரைத் தாங்கிப் பிடிப்பது இதுதான்.

மல்லாக்கப் படுக்க வைத்துத் தலையணையை எடுத்துவிடுங்கள். தலையணை இருந்தால் கழுத்து மடங்கி வழி அடையும். வாயில் ஏதாவது கண்ணுக்குத் தெரிந்தால் எடுங்கள், தெரியாததைத் துழாவ வேண்டாம். ஒரு கையால் நெற்றியை அழுத்தி, மறுகை விரல்களால் தாடையைத் தூக்குங்கள். பல நேரம் இந்த ஒரு அசைவிலேயே மூச்சு திரும்ப ஓடும். மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் பொருத்தி, நெஞ்சு மேலெழும் அளவுக்கு ஒரு விநாடி ஊதுங்கள். 5, 6 விநாடிக்கு ஒரு மூச்சு. பலங்கொண்ட மட்டும் ஊதினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தியைக் கிளப்பும். நெஞ்சு எழவே இல்லை என்றால் தலை சரியாகச் சாயவில்லை அல்லது மூக்கு பிடிபடவில்லை.

மூச்சு மெதுவாகவாவது ஓடுகிறவருக்கு இது போதும். அடியோடு நின்றுவிட்டது, அல்லது எப்போதோ ஒரு தடவை வாயைப் பிளந்து இழுக்கிறார் என்றால் நெஞ்சை அமுக்கத் தொடங்குங்கள். நெஞ்சின் நடுவில், 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு 30 அமுக்கலுக்கும் 2 மூச்சு.

2, 3 நிமிடத்தில் மூச்சு சீராகவில்லை என்றால் அடுத்த டோஸ், மறு மூக்கில். ஆள் எழுந்து உட்கார வேண்டும் என்று எதிர்பார்த்து மருந்தை அடுக்காதீர்கள். மூச்சு 10, 12 என்று ஓடி, உதட்டுக்கு நிறம் திரும்பினால் மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. மதுவோ தூக்க மாத்திரையோ கலந்திருந்தால் அதற்குப் பிறகும் கண் திறக்காமல் இருக்கலாம்.

மூச்சு வந்ததும் பக்கவாட்டில் திருப்புங்கள். மேல்கால் முழங்கால் மடங்கி முன்னே ஊன்ற வேண்டும். மேல்கை கன்னத்துக்குக் கீழே, வாய் சற்றுத் தரையைப் பார்த்தபடி. வாந்தி வந்தால் வெளியே வழியும், நுரையீரலுக்குள் போகாது. வண்டி வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

கேள்வி: நலோக்சோன் கொடுத்ததும் என் கணவர் எழுந்துவிட்டார். ஆனால் ஒரே கோபம். "எனக்கு ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரி வேண்டாம்" என்கிறார். விட்டுவிடலாமா?

கூடாது. நலோக்சோனின் ஆயுள் 30 முதல் 90 நிமிடம். உடம்பில் உள்ள சரக்கு அதைவிட நீண்ட நேரம் இருக்கலாம். மெத்தடோன் என்றால் ஒரு நாளுக்கும் மேல். காவலாளி வீட்டுக்குப் போனதும் திருடன் திரும்புகிற கதைதான். ஒரு மணி நேரம் கழித்து, எல்லோரும் அசந்த பிறகு, மூச்சு மறுபடி இறங்கும்.

கோபம், வியர்வை, வாந்தி, உடம்பு முறுக்கல் ஆகியவை போதை திடீரென்று பிடுங்கப்பட்டதன் அறிகுறிகள். தாங்க முடியாமல் மறுபடி எடுத்துக்கொள்ளத் தோன்றும். நலோக்சோன் இடத்தைப் பிடித்திருப்பதால் எடுத்தாலும் ஏறாது. ஏறவில்லையே என்று இன்னும் எடுப்பார். நலோக்சோன் விலகும்போது இரண்டும் சேர்ந்து தாக்கும். சண்டை போடாமல் இதைமட்டும் சொல்லிப் புரியவையுங்கள். வரவே மாட்டேன் என்றால் குறைந்தது 2 மணி நேரம் யாராவது கண் அசராமல் உடனிருக்க வேண்டும், இன்னொரு டோஸ் கைவசம் இருக்க வேண்டும். நீண்ட நேர மருந்து எடுத்தவர் என்றால் இந்த ஏற்பாடு போதாது, எப்படியாவது கூட்டிப் போங்கள். மூச்சு வாங்கினாலோ, நுரைத்த சளி வந்தாலோ நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். அதற்கும் மருத்துவமனைதான்.

கேள்வி: குளிர்ந்த நீரில் குளிப்பாட்டுவது, காபி புகட்டுவது, நடக்க வைப்பது, உப்புநீரை ஊசியில் ஏற்றுவது. இவற்றில் எதாவது பயன் தருமா?

எதுவும் தராது. மயங்கியவர் வாயில் ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். வாந்தி எடுக்க வைப்பதும் அப்படித்தான். தண்ணீர்த் தொட்டியில் ஆள் மூழ்கிப்போகக்கூடும். உப்புநீர் ஊசி மூச்சைத் தொடுவதே இல்லை.

கேள்வி: என்ன சாப்பிட்டார் என்றே தெரியாதபோது நலோக்சோன் கொடுத்தால் கெடுதல் வருமா?

ஓபியாய்டு இல்லாத உடம்பில் அது ஒன்றும் செய்யாது, போதையும் தராது. சந்தேகம் என்றால் கொடுங்கள். தூக்க மாத்திரைக்கும் மதுவுக்கும் அது எடுபடாது, அப்போது உங்கள் மூச்சுதான் மருந்து. டிரமடால் கொஞ்சம் தனிரகம். அளவு மீறினால் வலிப்பு வரும், கண்பாவை சுருங்காமலும் போகலாம், நலோக்சோன் அரைகுறையாகத்தான் கேட்கும். புப்ரினார்ஃபின் இறுக ஒட்டிக்கொள்வதால் கூடுதல் டோஸ் தேவைப்படலாம்.

நலோக்சோன் 1983 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. ஓவர்டோஸை நேரில் பார்க்க நேரக்கூடிய யாருக்கும் அது கிடைக்க வேண்டும் என்று அந்த நிறுவனம் 2014-இல் வழிகாட்டியது. அமெரிக்காவில் 2023 முதல் மூக்கு ஸ்பிரே சீட்டில்லாமலே விற்கப்படுகிறது. எல்லா நாட்டிலும் அந்த வசதி இல்லை. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: மகன் மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறான். ஆபத்து நீங்கிவிட்டதா?

சொல்ல வருத்தமாக இருக்கிறது, முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. பழகிய உடம்பு தாங்கிய அளவை, விட்ட உடம்பு தாங்காது. மனதுக்கோ பழைய அளவுதான் நினைவிருக்கும். சிறையிலிருந்து, நீண்ட மருத்துவமனை வாசத்திலிருந்து வருகிறவர்களுக்கும் இதே கதை. பழைய போதைக்குப் பதிலாக மருத்துவர் அளவோடு தரும் மெத்தடோன் அல்லது புப்ரினார்ஃபின் சிகிச்சை தொடர்ந்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். "ஒன்றை விட்டு இன்னொன்றா?" என்று அதை நிறுத்தச் சொல்லும் உறவினர் பேச்சைக் கேட்காதீர்கள். தாழிட்ட குளியலறையில் வெகுநேரம் சத்தமில்லை என்றால் தட்டுங்கள். உள்தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும்படி மாற்றி வைப்பது நல்லது.

கேள்வி: பாட்டிக்கு வலிக்காக ஃபென்டானில் பட்டை ஒட்டுகிறோம். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. என்ன கவனிக்க வேண்டும்?

மூன்று நாள் ஒட்டியிருந்து எடுத்த பட்டையிலும் குழந்தையைக் கொல்லும் அளவுக்கு மருந்து மிச்சமிருக்கும். எடுத்தவுடன் பசைப்பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்து ஒட்டிவிடுங்கள். சமையலறைக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். எப்படி அப்புறப்படுத்துவது என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். தினமும் ஒருமுறை பாட்டியின் தோலில் பட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கட்டிப்பிடித்துத் தூங்கும்போது கழன்று குழந்தையின் முதுகில் ஒட்டிக்கொண்ட சம்பவங்கள் உண்டு.

பட்டையின் மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். காய்ச்சல் வந்தாலும் அப்படியே, அன்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பாட்டி எழாவிட்டால் உதவியை அழைத்துவிட்டுப் பட்டையைப் பிய்த்தெடுங்கள். எடுத்ததோடு முடியாது. தோலுக்கடியில் தேங்கிய மருந்து இறங்கிக்கொண்டே இருக்கும், ரத்தத்தில் பாதியாகக் குறையவே 17 மணி நேரம்போல ஆகும். குழந்தை மேல் ஒட்டியிருந்ததைக் கண்டாலும், வாயில் போட்டிருந்தாலும், விளையாடிக்கொண்டிருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். எடுத்துவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அந்தப் பட்டையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மைக்ரோகிராம் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும்.