ரங்கூனில் ஆறு எந்தப் பக்கம்? (கடிதம்)

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். போன பிப்ரவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரங்கூன் வந்திருந்தேன். ஆற்றங்கரை ஊர், பழைய கட்டடங்கள், நடந்தே பார்க்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். சூலே பகோடாவிலிருந்து ஸ்ட்ராண்ட் ரோட்டுக்குப் போய், கிழக்கே ஒரு மணி நேரம் நடந்தோம். ஆறு கண்ணிலேயே படவில்லை. ஒரு பக்கம் துறைமுகச் சுவர், மறுபக்கம் லாரி, நடுவில் நாங்கள். அம்மாவுக்கு 67 வயது, முட்டிவலி வேறு. "இதுக்கு நம்ம காவேரிப் பாலத்துலயே நடந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு விடுதிக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

தாத்தா 1930களில் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். அதனால் அம்மாவுக்கு அந்தத் தெருவையும் ஆற்றையும் பார்த்தே ஆக வேண்டும். தெருவையும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. டிசம்பரில் மறுபடி வருகிறோம். அதிகம் அலையாமல் நடக்க ஒரு வழி சொல்லுங்கள். வழிகாட்டி யாராவது வைத்துக்கொள்ள வேண்டுமா? மோல்மேனும் போகலாமா?

வி., திருச்சி

அன்புள்ள வி,

அம்மா சொன்னதில் தப்பே இல்லை. ஸ்ட்ராண்ட் ரோடு என்ற பேரைக் கேட்டு, கடற்கரைச் சாலை மாதிரி இருக்கும் என்று நினைத்து வருகிற எல்லாருக்கும் நடப்பதுதான் உங்களுக்கும் நடந்திருக்கிறது. இந்த ஊர் ஆற்றை வேடிக்கை பார்க்கக் கட்டிய ஊர் இல்லை, ஆற்றில் சரக்கு ஏற்றி இறக்கக் கட்டிய ஊர். கரை முழுக்க ஜெட்டி, கிடங்கு, சுங்கம். ஆகவே ஆற்றின் ஓரமாக நடந்தால் ஆறு தெரியாது. ஆற்றை நோக்கி நடக்க வேண்டும். வடக்கே ரயில் பாதைப் பக்கத்திலிருந்து தெற்கே ஆற்றைப் பார்த்து இறங்குகிற தெருக்கள்தான் இங்கே நடப்பதற்கு.

1852 போருக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் ஊரைப் புதிதாகப் போட்டபோது மாண்ட்கோமரி என்ற டாக்டரும் ஃபிரேசர் என்ற எஞ்சினியரும் வகுத்த திட்டம் இது. சூலே பகோடாவை நடுவில் வைத்து, கட்டம் கட்டமாகக் கோடு கிழித்துவிட்டார்கள். பெரிய தெரு 100 அடி, அடுத்தது 50, நம்பர் போட்ட சந்துகள் 30 அடி அகலம். எந்த நம்பர் தெருவில் நின்றாலும் தெற்கு ஆறு, வடக்கு ரயில், வழி தவறவே முடியாது. எங்களுக்குள் முகவரி சொல்லும்போதுகூட மேல் பிளாக், நடு பிளாக், கீழ் பிளாக் என்றுதான் சொல்வோம். கீழ் பிளாக் என்றால் ஆற்றுப் பக்கம். தரையும் தட்டையானது, ஏற்ற இறக்கம் இல்லை. முட்டிக்கு எதிரி மேடு இல்லை, நடைபாதைதான். சாக்கடைமேல் போட்ட சிமெண்ட் பலகை எங்காவது ஒன்று உடைந்திருக்கும், அதை அடுத்து ஜெனரேட்டர் ஒன்று இரைந்துகொண்டிருக்கும், அதைத் தாண்டினால் டீக்கடையின் குட்டி ஸ்டூல்கள் வழியை மறிக்கும். பெரிய தெருவில் நடைபாதையில் போங்கள், நம்பர் சந்தில் தயங்காமல் தெரு நடுவிலேயே நடங்கள், இங்கே எல்லாரும் அப்படித்தான். ரங்கூன் ஊருக்குள் மோட்டார் சைக்கிளுக்கு 2003 முதல் தடை, அதனால் திருச்சிச் சந்துபோல பின்னாலிருந்து யாரும் ஹாரன் அடித்துக்கொண்டு வர மாட்டார்கள். (தடையை மீறி ஓட்டுகிறவர்கள் உண்டு, அது வேறு கதை.)

ஒன்றே ஒன்று, இதை அம்மாவிடம் இரண்டு முறை சொல்லுங்கள். இங்கே 1970 முதல் வண்டிகள் வலப்பக்கம் போகின்றன. ரோட்டைக் கடக்கும்போது முதலில் இடது பக்கம் பார்க்க வேண்டும். நம்மூர்க் கழுத்து தானாக வலப்பக்கம் திரும்பிவிடும், அதில்தான் ஆபத்து. பாதிக் காருக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருப்பதால் ஓட்டுகிறவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்பதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது.

சரி, வழி. மகா பண்டுலா பூங்காவில் ஆரம்பியுங்கள், சூலே பகோடாவுக்கு எதிரே இருப்பது. காலை ஏழு மணிக்கெல்லாம் பெஞ்சில் இடம் கிடைக்கும். அங்கே உட்கார்ந்தபடியே மூன்று நான்கு கட்டடங்களைப் பார்த்து முடித்துவிடலாம். வடக்கே பர்மியக் கூரை அடுக்குகளோடு நகர மண்டபம், 1936-இல் முடிந்தது, உ தின் என்ற பர்மியக் கட்டடக் கலைஞர் கைவைத்தது. கிழக்கே மணிக்கூண்டோடு சிவப்புச் செங்கல் உயர் நீதிமன்றம், 1911. அப்புறம் நீதிமன்றத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கே வந்தால் பான்சோடான் தெரு. அதில் தெற்கே திரும்பி நேராக ஜெட்டி வரைக்கும் போக வேண்டும். மொத்தம் ஒரு கிலோமீட்டர்கூட வராது. நடுவில் மெர்ச்சண்ட் தெரு மூலையில் சோஃபேர் கட்டடம் ஒன்று இருக்கிறது, 1906-இல் பாக்தாத் வழி வந்த யூதக் குடும்பம் கட்டியது. வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், உள்ளே போய்த் தரையைப் பாருங்கள். மான்செஸ்டரிலிருந்து கப்பலில் வந்த ஓடுகள், மேலே இரும்பு உத்தரம் ஸ்காட்லாந்துச் சரக்கு. அப்போது ரங்கூனில் காசு எப்படிப் புரண்டது என்று தெரிந்துகொள்ள ஒரு பாட்டன் காலத்துக் கதையும் கேட்க வேண்டாம், அந்தத் தரை போதும்.

கீழே வந்தால் வலது இடது எல்லாம் பெரிய தூண் வைத்த கட்டடங்கள். அதில் ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் பழைய அலுவலகத்தை மட்டும் சொல்கிறேன். 1865-இல் தொடங்கிய கம்பெனி, 1920களில் 600-க்கும் மேற்பட்ட படகுகள் வைத்து உலகத்திலேயே பெரிய ஆற்றுக் கப்பல் கூட்டம் என்று பேர் எடுத்தது. 1942-இல் ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் படகுகளைத் தாங்களே ஆற்றில் மூழ்கடித்துவிட்டுப் போனார்கள். நம் ஜனங்கள் இந்தியாவுக்குக் கால்நடையாக வடக்கே ஓடியதும் அதே மாதங்களில்தான். மற்றக் கட்டடங்களுக்கு நீலப் பலகை மாட்டியிருக்கிறார்கள், யாங்கோன் (ரங்கூனின் இப்போதைய பேர்) ஹெரிட்டேஜ் டிரஸ்ட் செய்த நல்ல காரியம், பர்மியத்திலும் ஆங்கிலத்திலும் சுருக்கமாக விவரம் இருக்கும். வழிகாட்டி வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள், இந்த வழிக்கு வேண்டாம்.

ஸ்ட்ராண்ட் ரோட்டைக் கடப்பது ஒன்றுதான் கொஞ்சம் கஷ்டம், கூட்டத்தோடு கூட்டமாகக் கடந்துவிடுங்கள். அந்தப் பக்கம் பான்சோடான் ஜெட்டி, அக்கரையில் டாலா. இங்கேதான் ஆறு, முழுசாக. இங்கே ஒரு விஷயம் எந்தப் பயணக் குறிப்பிலும் எழுத மாட்டார்கள், ஆனால் முட்டிவலிக்காரர்களுக்கு இதுதான் முக்கியம். ரங்கூன் ஆறு கடலோடு சேர்ந்து ஏறி இறங்குகிற ஆறு. கடல் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும் ஓதம் இங்கே வரைக்கும் வரும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஐந்து மீட்டருக்கும் மேலே ஏறி வற்றும். ஜெட்டி மிதவைமேல் நிற்பதால் தண்ணீரோடு அதுவும் ஏறி இறங்கும், கரையிலிருந்து அதற்குப் போகிற பாலம் மட்டும் கரையில் மாட்டியபடி சாயும். தண்ணீர் ஏறியிருக்கும்போது பாலம் சமதளம், பேசிக்கொண்டே போய்விடலாம். வற்றியிருக்கும்போது அதே பாலம் சறுக்குமரம். அம்மா இறங்கும்போது முட்டி அழும், திரும்பி ஏறும்போது இடுப்பும் சேர்ந்து அழும். ஆகவே காலண்டரில் அமாவாசை பௌர்ணமியைத் தவிர்த்துவிட்டு, ஜெட்டிக்கு வந்ததும் முதலில் தண்ணீரைப் பாருங்கள். தூண்களில் ஈரச்சேறு உயரமாகத் தெரிந்தால் வற்றியிருக்கிறது என்று அர்த்தம். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து ஏறுவதற்குக் காத்திருக்கலாம், ரங்கூனில் ஒரு டீயை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள்.

படகில் ஏறுங்கள். ஜப்பான் கொடுத்த படகு, செர்ரி என்று பேர். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கட்டணம் தனி, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். மேல் தளத்தில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் அக்கரை. டிசம்பரில் கடல்காக்கைகள் வந்து படகோடு கூடவே பறக்கும், தின்பண்டம் விற்கிறவர்கள் அதற்கும் ஏதாவது விற்பார்கள். நடு ஆற்றிலிருந்து திரும்பிப் பார்த்தால் நீங்கள் நடந்து வந்த கரை மொத்தமும் ஒரே வரிசையாகத் தெரியும். உங்கள் தாத்தா மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தவர் என்றால் ஊரை முதலில் பார்த்தது இந்தப் பக்கத்திலிருந்துதான். டாலாவில் சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். சிரித்துவிட்டு அடுத்த படகில் திரும்புங்கள்.

மொகல் தெருவை வேறொரு நாளைக்கு வையுங்கள். கண்டுபிடிக்க முடியாததற்குக் காரணம் பேர் மாறியதுதான், இப்போது அது ஷ்வே போந்தா தெரு. தாத்தாவின் பழைய கடிதம் ஏதாவது வீட்டில் இருந்தால் அதைப் படிக்க இதையும் குறித்துக்கொள்ளுங்கள். டல்ஹவுசி தெரு இப்போது மகா பண்டுலா, ஃபிரேசர் தெரு அனோரதா, மாண்ட்கோமரி போஜோக் ஆங் சான், ஃபேர் தெரு நான் மேலே சொன்ன பான்சோடான். அனோரதா ரோட்டில் கோன்சேடான் தெரு முனையில் காளி கோயில் இருக்கிறது, 1871-இல் நம் ஆட்கள் கட்டியது. அங்கே கும்பிட்டுவிட்டுக் கிழக்கே சில தெரு நடந்தால் ஷ்வே போந்தா. செட்டியார்களின் வட்டிக்கடைக் கூடங்களான கிட்டங்கி எதுவும் இப்போது கிட்டங்கியாக இல்லை. மேலாள், அடுத்தாள், பெட்டியடி எல்லாரும் வரிசையாகப் பெட்டி போட்டு உட்கார்ந்திருந்த கூடங்கள் குடியிருப்பாகவும் கடையாகவும் மாறிவிட்டன. நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல், 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது, 1948-க்குப் பிறகு அந்த நிலம் போனது, 1963, 1964-இல் வங்கியும் கடையும் அரசுடைமையானது. தாத்தா வேலை பார்த்த கடை எது என்று தேடி அலையாதீர்கள், கிடைக்காது. அதற்குப் பதில் பக்கத்து நம்பர் சந்து ஏதாவது ஒன்றின் கீழ் பிளாக்கில் காலை எட்டு மணிக்கு நின்று அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் பேப்பர் கிளிப் ஒன்று. கீழே வருகிறவர் பேப்பரையோ மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) பொட்டலத்தையோ மாட்டிவிட்டுக் கயிற்றை இழுப்பார், மேலே மணி அடிக்கும், வீட்டுக்கார அம்மா பால்கனிக்கு வந்து சரசரவென்று தூக்கிக்கொள்வார். லிஃப்ட் இல்லாத ஆறு மாடி வீட்டில் முட்டிவலியோடு இருக்கிறவர்கள் கண்டுபிடித்த வழி. உங்கள் அம்மாவுக்கு உயர் நீதிமன்றத்தைவிட இது பிடிக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

அதற்கும் மேல் ஒரு சாயங்காலம் மிச்சமிருந்தால் போட்டடாங் பகோடா. டாக்சியில் போங்கள், ஸ்ட்ராண்ட் ரோட்டில் மறுபடி நடக்க வேண்டாம். 1943 நவம்பர் 8-ஆம் தேதி ஆங்கிலேய விமானங்கள் துறைமுகத்துக்குப் போட்ட குண்டில் தகர்ந்து, போருக்குப் பிறகு உள்ளே கூடாக எழுப்பியது, அதனால் மற்ற பகோடா போல் சுற்றிவர மட்டும் இல்லை, உள்ளேயே நடக்கலாம், சுவர் முழுக்கத் தங்கத் தகடு. வெளியே நாட் என்ற காவல் தெய்வங்களின் சன்னிதியில் தேங்காயும் வாழைப்பழமும் வைத்த தட்டைப் பார்த்ததும் அம்மா தானாகக் கைகூப்புவார். செருப்பைக் கழற்ற வேண்டும், காலுறையும் கூடாது, பகல் வெயிலில் தரை சுடும் என்பதால் நாலரைக்கு மேல் போங்கள். பக்கத்திலேயே ஆறு திறந்து கிடக்கிறது, நடக்காமலே பார்க்கலாம்.

மோல்மேன் பற்றி. நீங்கள் தேடுகிற ஆற்றோர நடை உண்மையில் இருப்பது அங்கேதான், தான்லுவின் ஆறு கரையைத் தொட்டபடி, எதிரே தீவு, மேற்கே சூரியன் மறையும், பின்னால் குன்றில் பகோடா வரிசை. 1827 முதல் 1852 வரை ஆங்கிலேயப் பர்மாவுக்கு அதுதான் தலைநகர். ஆனால் ரங்கூனிலிருந்து முந்நூறு கிலோமீட்டர், இப்போதிருக்கிற நிலைமையில் தரைவழியே 67 வயது அம்மாவோடு போங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ரங்கூனுக்குள்ளும் கிளம்புமுன் அன்றைய நிலவரத்தை விடுதியில் கேளுங்கள், இருட்டுமுன் திரும்பிவிடுங்கள், சிப்பாயையும் போலீஸ் சாவடியையும் போட்டோ எடுக்காதீர்கள். மோல்மேனை அடுத்த தடவைக்கு வையுங்கள்.

டிசம்பரில் வரும் தேதி முடிவானதும் எழுதுங்கள், அந்த வாரம் ஓதம் எப்போது ஏறுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா