மீட்டருக்கும் டிபிக்கும் நடுவே ஓடும் வயர்: வாசகர் கேள்விகள்

மீட்டர் காம்பவுண்டுச் சுவரில் இருக்கிறது. அங்கிருந்து மாடியில் இருக்கும் டிபிக்கு (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்கு) 25 மீட்டர் வயர் போகிறது. டிபியில் 40 ஆம்ப்ஸ் மெயின் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணைந்துவிடும் ஸ்விட்ச்) போட்டிருக்கிறோம். அது போதாதா?

பாதிக்குத்தான் போதும். வயருக்கு ஆபத்து இரண்டு வழியில் வரும். ஒன்று ஓவர்லோடு. வீடு இழுக்கும் கரண்ட் முழுதும் அந்த வயர் வழியாகத்தான் வர வேண்டும். நடுவில் வேறு கிளை இல்லாவிட்டால், கடைசியில் இருக்கும் எம்சிபி டிரிப் ஆனாலே வயர் சூடாவது நின்றுவிடும்.

இன்னொன்று ஷார்ட். வழியில் எலி கடித்தோ, சுவரில் ஆணி இறங்கியோ லைனும் நியூட்ரலும் ஒட்டிக்கொண்டால், அந்தக் கரண்ட் மாடி வரை வருவதே இல்லை. மேலே உள்ள எம்சிபிக்கு எதுவுமே தெரியாது. அதை அறுக்க மீட்டர் பக்கத்து ஃபியூஸ் ஒன்றுதான் உண்டு. அதனால் வயர் கிளம்புகிற இடத்திலேயே, மீட்டரை ஒட்டி, லைன், நியூட்ரல் இரண்டையும் சேர்த்தே துண்டிக்கும் ஒரு டபுள் போல் எம்சிபி வையுங்கள்.

அப்புறம் வயரின் அளவையும் பாருங்கள். குழாய்க்குள் போகும் 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் ஏறத்தாழ 30 ஆம்ப்ஸ்தான் தாங்கும். நம் ஊர் வெயிலில், ஒரே குழாயில் பல வயர்கள் நெருக்கிப் போனால் இன்னும் குறையும். அதற்கு 40 ஆம்ப்ஸ் எம்சிபி காவல் ஆகாது. எம்சிபியின் ரேட்டிங்கை முடிவு செய்வது வயர்தான்.

மீட்டர் போர்டில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. காப்பர் இழைகளை முறுக்கிக் கட்டிவிட்டோம். இப்போது போவதில்லை.

எனக்குப் பயமே அதுதான். இப்போது ஃபியூஸுக்கு முன்னால் உங்கள் வயர் உருகும். டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது பல வீடுகளின் லோடைத் தாங்கும் அளவுக்குப் போட்டது, உங்கள் ஒரு வீட்டு வயருக்காக உருகாது. மின்வாரிய ஆளை வரச்சொல்லி, சரியான ஃபியூஸ் வயரை மாற்றச் சொல்லுங்கள். கட்டையில் ஸ்க்ரூ தளர்ந்து சூடானாலும் ஃபியூஸ் போகும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

32 ஆம்ப்ஸ் எம்சிபி டிரிப் ஆகிறது. 63 போடலாமா?

கூடாது. இரண்டு ஒன்றரை டன் ஏசி, 2 கிலோவாட் கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, 1 எச்பி மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 40 ஆம்ப்ஸை நெருங்கும். எம்சிபி அவசரப்படுவதில்லை. தன் அளவைப் போல் 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் பொறுக்கும், 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். ஆகவே அது விழுகிறது என்றால் பெரும்பாலும் லோடு நிஜமாகவே அதிகம். லோடைக் கூட்டி மூன்று ஃபேஸுக்கு விண்ணப்பியுங்கள், வயரையும் மாற்றுங்கள்.

40 ஆம்ப்ஸ் ஆர்சிசிபி இருக்கிறது. எம்சிபி தேவையா?

கட்டாயம் தேவை. ஆர்சிசிபி மின்கசிவைத்தான் பிடிக்கும். அதில் போட்டிருக்கும் 40, அது தாங்கும் கரண்ட். ஓவர்லோடுக்கு அது டிரிப் ஆகாது.

பழைய வீடு. நியூட்ரலிலும் ஃபியூஸ் கட்டை இருக்கிறது. விட்டுவிடலாமா?

எடுக்கச் சொல்லுங்கள். அது மட்டும் போனால் விளக்கு அணையும், ஆனால் லைனில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். கரண்ட் இல்லை என்று நம்பித் தொட்டால் உயிருக்கே ஆபத்து. மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் விட்டுப்போனால் சில சாமான்களுக்கு 230-க்குப் பதில் 400 வோல்ட் பக்கம் ஏறி எரிந்துவிடும். அந்த இடத்தில் ஃபியூஸ் இல்லாத நேரடி இணைப்புதான் (லிங்க்) இருக்க வேண்டும்.